எருசலேமில் ஒரு பகல்: ஒலிவ மரக் கடைக்குப் பதிலாக இஸ்ரேல் மியூசியம்

எங்கள் பரிசுத்த பூமிப் பயணம் மொத்தம் பத்து நாள். அச்சடித்துக் கொடுத்த தாளில் பெத்லெகேம், நாசரேத்து, கலிலேயாக் கடலில் படகு, யோர்தானில் இறங்குவது, சவக்கடலில் மிதப்பது எல்லாம் இருந்தன. எருசலேமில் ஒரு பகல் முழுவதும் ஒலிவ மரச் சாமான் கடைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மியூசியம் என்ற சொல் தாளில் எங்குமே இல்லை. கூட்டிப்போன தம்பியிடம் கேட்டேன். "அங்க யாரும் போக மாட்டாங்கம்மா, அது பரிசுத்த ஸ்தலம் கிடையாதே" என்றார். சரி, நாங்கள் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் என் தங்கையும் ஒரு டாக்சி பிடித்தோம். 2019 நவம்பர் மாதம் அது.

நான் பாளையங்கோட்டையில் 31 வருஷம் தமிழாசிரியை. ஞாயிறு பள்ளியிலும் ஏறத்தாழ அத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இத்தனை ஆண்டு வாயால் சொல்லிக்கொடுத்ததை ஒரு நாளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். தோண்டியெடுத்த பொருள்களைப் பற்றி எனக்குப் படிப்பு எதுவும் இல்லை.

மியூசியம் 1965இல் திறந்தது, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு அப்போது 54 ஷேக்கல். காதில் மாட்டிக் கேட்கிற கருவியும் அதற்குள்ளேயே அடக்கம். நான் ஆங்கிலத்தில் வைத்துக் கேட்டேன்.

முதலில் எல்லோரும் போய் நிற்பது வெளியே இருக்கும் எருசலேம் மாதிரி நகரத்தின் முன்னால்தான். கி.பி. 66இல், அதாவது ரோமர் இடிப்பதற்கு நான்கு வருஷம் முன்பு, நகரம் எப்படி இருந்திருக்கும் என்று கல்லில் கட்டியிருக்கிறார்கள். 50இல் ஒரு பங்கு அளவு. இருந்தாலும் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு. 1948 போரில் மகனை இழந்த ஓட்டல் முதலாளி ஒருவர் அவன் நினைவாக, பேராசிரியர் மைக்கேல் அவி-யோனா மேற்பார்வையில், 1966இல் தன் ஓட்டல் வளாகத்தில் செய்துவைத்தது இது. 2006இல்தான் இங்கே கொண்டுவந்தார்கள். ஏரோது ராஜா கட்டிய ஆலயத்தின் பிராகாரம் எவ்வளவு பெரியது என்று இதைச் சுற்றி நடக்கும்போது உறைக்கிறது. பன்னிரண்டு வயது இயேசுவைத் தொலைத்துவிட்டு அவர் தாயும் தகப்பனும் மூன்று நாள் தேடினார்கள் என்று படிக்கிறோமே, அது ஏன் என்று எனக்கு அங்கே புரிந்தது. ஆனால் ஆள் இல்லாத, அழுக்கு இல்லாத நகரம் மனசுக்குள் ஓரளவுக்கு மேல் இறங்கவில்லை. கால் மணி நேரம் போதும்.

பக்கத்திலேயே சவக்கடல் சுருள்களின் கட்டடம். சவக்கடல் ஓரத்தில் கும்ரான் என்ற இடத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்கள் இவை. வெள்ளைக் கூம்பு ஒன்று மட்டும் தரைக்கு மேலே தெரிகிறது, மற்றதெல்லாம் நிலத்துக்குள். சுருள்கள் கிடைத்த மண்ஜாடியின் மூடி வடிவத்தில் அந்தக் கூம்பைக் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. எதிரே கன்னங்கரேலென்று ஒரு கருங்கல் சுவர். ஒளியின் புத்திரரும் இருளின் புத்திரரும் போரிடுவதாகக் கும்ரான் சுருள் ஒன்றில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணத்தைத்தான் கீஸ்லர், பார்ட்டோஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களும் வெள்ளையும் கறுப்புமாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே குகை மாதிரி இருட்டு வழி. அதைக் கடந்தால் வட்டமான கூடம். நடுவில் மேடைபோல் எழும்பிய உருளையில் ஏசாயா சுருள். திரையில் படம் ஓட்டவில்லை, புகை போடவில்லை. கட்டடமே நம்மை அமைதியாக்கிவிடுகிறது. என் தங்கை வழக்கமாக எந்த இடத்திலும் ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். அங்கே வாயைத் திறக்கவில்லை.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். உருளையைச் சுற்றி இருப்பது அசலைப்போலவே செய்த பிரதி. இரண்டாயிரம் வருஷத்துத் தோல் வெளிச்சத்தை அதிக நாள் தாங்காது என்பதால் அசல் சுருள்களுக்கு ஓய்வு கொடுத்து, பகுதி பகுதியாக மாற்றி மாற்றித்தான் வெளியே வைக்கிறார்கள். இதைக் கேட்டு எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் ஏமாந்துபோனார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசல் 17 தோல் துண்டுகளைத் தைத்து இணைத்தது; 7 மீட்டரைத் தாண்டும் நீளம், 54 பத்தி. ஏசாயா 66 அதிகாரமும் அதில் இருக்கிறது. கி.மு. 100ஐ ஒட்டிய காலத்தது. இது கிடைக்கும்வரை நம்மிடம் இருந்த எபிரெய வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் வருஷம் மூத்தது.

ஆடு தேடிப்போன இடையச் சிறுவன் குகைக்குள் கல்லெறிந்த கதையை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறோம். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதிது. முதலில் கிடைத்த ஏழு சுருளில் மூன்றை 1947இல் சுக்கெனிக் என்ற பேராசிரியர் வாங்கிவிட்டார். ஏசாயா சுருள் உட்பட மற்ற நான்கும் எருசலேமில் சிரிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயராக இருந்த மார் சாமுவேலிடம் போய், அமெரிக்கா சேர்ந்து, 1954 ஜூன் 1 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் விற்பனைக்கு விளம்பரமாக வந்தன! சுக்கெனிக் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். விளம்பரம் அவர் மகன் யீகாயேல் யாதீன் காதுக்கு எட்ட, இடையில் ஆள் வைத்து நான்கையும் 2,50,000 டாலருக்கு வாங்கினார். அப்பாவின் மூன்றும் மகனின் நான்கும் சேர்ந்து இருக்கத்தான் இந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள்.

இந்தச் சுருளில் ஒரு தமிழ் வாத்தியாருக்கென்றே ஒரு இடம் உண்டு. ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற வார்த்தை 7ஆம் வசனத்திலும் 8ஆம் வசனத்திலும் வருகிறது. எழுதியவரின் கண் முதல் "புல் உலர்ந்து" விலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. நடுவில் இருந்தது விட்டுப்போயிற்று. பிறகு வேறொரு கை அதைக் கண்டுபிடித்து, விட்டுப்போனதை வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலுமாக நுணுக்கி எழுதியிருக்கிறது. சொல்வதெழுதுதல் நோட்டு திருத்தியவர்களுக்குத் தெரியும், பார்த்து எழுதும் பிள்ளை இதே பிழையைத்தான் செய்யும். தேவ வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று சொல்கிற அதே இடத்தில் ஒரு மனுஷனுக்கு வரி தப்பியிருக்கிறது, இன்னொரு மனுஷன் பொறுமையாக உட்கார்ந்து சேர்த்திருக்கிறான். என் விசுவாசம் இதனால் குறையவில்லை, அந்த இரண்டு பேர்மேலும் எனக்கு அன்பு வந்தது. இதே மியூசியம் 2011இல் கூகுளோடு சேர்ந்து முழுச் சுருளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஊருக்கு வந்தபின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தியைப் பெரிதாக்கிக் காட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் வரிக்கு நடுவே நுழைத்து எழுதியிருப்பதைச் சட்டென்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

அதே கட்டடத்தில் கீழே அலெப்போ சுவடி, எபிரெய வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் புத்தகம். 10ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் எழுதியது. இரண்டு நாள் முன்பு நாங்கள் மீன் சாப்பிட்ட அதே ஊர். 1947இல் சிரியாவின் அலெப்போ நகரக் கலவரத்தில் ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தபோது சேதப்பட்டு, 487 ஏட்டில் இன்று ஏறத்தாழ 295தான் மிச்சம். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. கறையான் தின்ற ஓலைச்சுவடிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வருத்தம் புதிதல்ல.

கும்ரான் சுருள் எல்லாமே இங்கே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். குகைகள் இருக்கும் மேற்குக் கரை 1967 வரை ஜோர்தான் கையில் இருந்தது. பெயர்பெற்ற செப்புச் சுருள் இன்றும் அம்மானில்தான். உங்கள் பயணம் ஜோர்தான் வழியாகப் போனால் அங்கேயும் கேளுங்கள்.

அடுத்தது தொல்லியல் பிரிவு. இதற்குத்தான் காலையின் தெம்பை மிச்சம் வைக்க வேண்டும். நாங்கள் வைக்கவில்லை. என் முழங்கால் அதற்குள் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

ஆராத் கோட்டையில் கிடைத்த சின்னக் கோயில் ஒன்றின் உள்ளறையை அப்படியே எடுத்துவந்து கட்டியிருக்கிறார்கள். வாசலில் இரண்டு தூபபீடங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. உள்ளே நிறுத்திய கல். எருசலேம் ஆலயம் இருந்த காலத்திலேயே யூதா நாட்டுக் கோட்டைக்குள் இன்னொரு வழிபாட்டு இடம்! மேடைகளை, அதாவது இப்படிப்பட்ட வெளியூர் வழிபாட்டு இடங்களை, தகர்த்துப்போடச் சொல்லி ராஜாக்களின் புத்தகம் ஏன் அத்தனை தடவை பேசுகிறது என்று படிக்கும்போது இனிமேல் எனக்கு இந்த அறைதான் கண்ணில் வரும். பீடங்களின் மேல் ஒட்டியிருந்த கரியைச் சோதித்த முடிவு 2020இல் வந்தது. பெரியதில் தூபவர்க்கமும் விலங்குக் கொழுப்பும். சிறியதில் கஞ்சாவும் சாணமும். சாணம் மெதுவாக எரியத்தான். எங்கள் சபை ஐயரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், "பிரசங்கத்தில் வேண்டாம், வேதபாட வகுப்பில் பேசுவோம்" என்றார். பேசினோம். நல்ல வகுப்பாக அமைந்தது.

வடக்கே தாண் என்ற இடத்தில் 1993இலும் 1994இலும் கிடைத்த கல் துண்டுகளில் "தாவீதின் வீடு" என்று அரமேயத்தில் வெட்டியிருக்கிறது. தாவீது ராஜாவின் வம்சம் என்று பொருள். எழுதியவன் அந்த வம்சத்தின் எதிரி நாட்டுக்காரன். கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அதைவிட என்னை அசைத்தது செசரியாவில் 1961இல் இத்தாலியர்கள் எடுத்த பிலாத்துவின் கல். இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த ரோம அதிகாரிதான் பிலாத்து. பழைய அரங்கத்தின் படிக்கட்டில் யாரோ திருப்பிப் பயன்படுத்திய கல் அது. ஒரு பக்கம் தேய்ந்துபோய், பாதி எழுத்தோடு "பிலாத்து, யூதேயாவின் தலைவன்" என்று லத்தீனில் நிற்கிறது. "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று ஞாயிறுதோறும் சொல்லும் வாய் இது. என் தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்று விசுவாசப்பிரமாணத்தை மெல்ல முணுமுணுத்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

எல்லாவற்றிலும் சின்னது கடைசியில் வந்தது. பழைய நகரத்துக்குத் தென்மேற்கே கெத்தேப் இன்னோமில் 1979இல் காபிரியேல் பார்க்காய் தோண்டிய கல்லறையில் கிடைத்த இரண்டு வெள்ளித் தகடுகள். விரித்தால் பெரியது 10 சென்டிமீட்டர்கூட வராது. சிறியது 4 சென்டிமீட்டர். இறுகச் சுருட்டியிருந்த அவற்றை உடையாமல் விரிக்கவே சில வருஷம் ஆயிற்றாம். விரித்தபோது உள்ளே ஊசியால் கீறியதுபோல எழுத்து. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசீர்வாதம். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." கி.மு. 600ஐ ஒட்டிய காலம். சவக்கடல் சுருள்களைவிடவும் பல நூறு வருஷம் முந்தையது. வேதாகம வசனம் எழுதிய பொருளாக இன்று உலகத்தில் கிடைத்திருப்பவற்றில் இதுதான் மிகப் பழையது.

சுருட்டி, நூல் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்கள். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், தாயத்து. மந்திரம் எழுதிய தகட்டைச் சுருட்டி, குப்பிக்குள் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டுவார்களே, அதேதான். என் வகுப்புக்குப் பல வருஷம் முன்பு ஒரு பையன் தாயத்து கட்டிக்கொண்டு வந்தான். அப்பா கட்டியது. பிள்ளைகள் முன்னால் நான் அதைக் கழற்றச் சொன்னேன். அவன் கழற்றி, டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டான், அழவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றபோது இருபது வருஷத்துக்கு மேலாக நினைக்காத அந்த முகம் வந்தது. இந்தத் தகட்டையும் யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கட்டியிருக்கலாம். "உன்னைக் காக்கக்கடவர்" என்று சொல்லித்தான் கட்டியிருப்பார்கள். ஆசீர்வாதமும் அதே, பயமும் அதே. நான் இன்றும் தாயத்து கட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லார் முன்னாலும் கழற்றச் சொன்னது தப்பு.

அங்கிருந்து கிளம்ப மனசில்லாமல் இருந்தபோது தங்கை வழிகாட்டித் தாளில் "கொச்சின்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டாள். உலகத்தின் நான்கு இடங்களிலிருந்து ஜெப ஆலயங்களின் உட்புறத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பகுதி அது. சுரினாம் நாட்டு ஆலயத்தில் தரை முழுக்க மணல். கொச்சியிலிருந்து வந்தது மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயம், 16ஆம் நூற்றாண்டு. வெளிச்சுவர் அங்கேயே நின்று சிதிலமாக, மரவேலைகள் மட்டும் 1990களில் இங்கே வந்து சேர்ந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால் கூரையெல்லாம் தாமரை. எருசலேமில் நின்றுகொண்டு நாஞ்சில் நாட்டுப் பழைய வீட்டு மச்சைப் பார்ப்பது மாதிரி இருந்தது. தங்கை மரத்தைப் பார்த்ததும், "அக்கா, இது நம்ம ஊர் ஆசாரி கை" என்றாள்.

போகிறவர்களுக்கு: அரசு உதவித்தொகையில் போனாலும் சரி, கைக்காசில் போனாலும் சரி, பயணத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே மியூசியத்துக்கு அரைநாள் கேளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் சேர்த்துவிடுவார்கள். நாங்கள் போன வருஷம் செவ்வாய்க்கிழமை மட்டும் மாலை 4 மணிக்குத்தான் திறந்தார்கள், வெள்ளி மதியம் 2க்கே மூடினார்கள். கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் நேராகத் தொல்லியல் பிரிவு, அதில் வெள்ளித் தகடு, பிலாத்து கல், ஆராத். அப்புறம் கொச்சி. அப்புறம் சுருள்கள். மாதிரி நகரம் வெட்டவெளியில் இருப்பதால் வெயில் தாழ்ந்தபின் கடைசியாக. சுருள் கூடத்தில் தோலுக்காக வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள், படிக்கிற கண்ணாடியை ஓட்டலில் மறந்துவிடாதீர்கள். வெள்ளித் தகட்டுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் கொண்டுபோங்கள்.