டிச்போர்ன் வழக்கின் உரிமைகோரி: ஜிக்சா புதிருக்கு ஏற்ற படம் எது?

விக்டோரியா கால இங்கிலாந்தின் ஆள்மாறாட்டக்காரர் ஒருவரின் உருவப்படத்தை ஜிக்சா புதிராக வாங்கவோ செய்வித்துக்கொள்ளவோ நினைப்பவருக்கு, டிச்போர்ன் வழக்கின் உரிமைகோரியைப் போல் பொருத்தமானவர் வேறொருவர் இல்லை. ஹாம்ப்ஷயரின் செல்வக் குடும்பத்து வாரிசான ரோஜர் டிச்போர்ன், ரியோ டி ஜெனீரோவிலிருந்து புறப்பட்ட ‘பெல்லா’ கப்பலோடு 1854இல் கடலில் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில் தாமஸ் காஸ்ட்ரோ என்ற பெயரில் இறைச்சி வெட்டிப் பிழைத்த ஒருவர், தாமே அந்த ரோஜர் என்று கிளம்பினார். அவர் லண்டன் வாப்பிங்கில் பிறந்த ஆர்தர் ஆர்ட்டன் என்று முடிவு கட்டிய நீதிமன்றம், 1874இல் பொய்ச்சாட்சியத்துக்காகப் பதினான்கு ஆண்டு தண்டனை விதித்தது. அவர் தொடர்பாக நமக்குக் கிடைக்கும் படங்களில் மூன்று வகைகள் புதிருக்கு ஒப்பிடத் தக்கவை.

முதலாவது, அவருடைய தனிப் புகைப்படம். பார்வைக்குக் கம்பீரமாக இருந்தாலும், அடுக்குவதற்கு இது பெரிய சோதனை. பருத்த உடலை மூடிய இருண்ட கோட்டும் வெறும் பின்புலமும் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், முகம் சேர்ந்த பிறகு நிறத்தை விட்டுவிட்டுத் துண்டின் வடிவத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். மேலும், அக்காலத்தில் பரவலாக விற்ற அட்டைப் புகைப்படங்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. அவற்றை 1000 துண்டுப் புதிரின் அளவுக்குப் பெருக்கினால் தாடியும் கண்ணும் மங்கித்தான் போகும்.

இரண்டாவது, டிச்போர்ன் சொத்தைக் கேட்டு அவர் தொடுத்த சிவில் வழக்கு 1871இல் நடந்துகொண்டிருந்தபோது ‘வானிட்டி ஃபேர்’ இதழ் வெளியிட்ட வண்ணக் கேலிச்சித்திரம். கோடுகள் தெளிவானவை, உருவம் முழுமையானது, பெரிதாக்கினாலும் கெடாது. சிறுவர்களோடு உட்கார்ந்து சேர்ப்பதற்கு மூன்றில் இதுவே சிறந்தது. ஆனால் ஓவியர் தம் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சேர்ப்பவர் யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை என்பது என் குறை.

என் தேர்வு மூன்றாவது: முகங்களின் மும்மைப் படம். இடப்புறம் 1853இல் எடுக்கப்பட்ட உண்மையான ரோஜரின் ஒல்லியான முகம். வலப்புறம் 1874இன் உரிமைகோரி. நடுவில் இரண்டையும் கலந்து உருவாக்கிய ஒரே முகம். இருவரும் ஒருவரே என்று நிறுவ அவருடைய ஆதரவாளர்கள் காட்டிய சான்று இது. புதிராக அடுக்கும்போதுதான் இதன் தந்திரம் புலப்படுகிறது. நெற்றியோ மூக்கின் ஓரமோ உள்ள ஒரு துண்டைக் கையில் எடுத்தால், அது இடமா நடுவா என்று முடிவு செய்ய முடியாமல் திகைக்கிறோம். தாடை, கன்னம் ஆகியவற்றுக்கு வந்தால் அந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடுகிறது. 1867இல் பாரிஸ் விடுதியில், மங்கலான அறையில் படுத்திருந்தவரைப் பார்த்து, காது மாமன் காதைப் போல இருக்கிறது என்று சொல்லித் தாய் அவரை மகனாக ஏற்றதாகக் கூறப்படுவது நினைவுக்கு வருகிறது. ஓர் உறுப்பை மட்டும் தனியே பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வழக்கைச் சாய்த்ததில் பெரும் பங்கு ரோஜரின் கையில் இருந்ததாகச் சாட்சிகள் சொன்ன பச்சைக்குத்தலுக்கு உண்டு. அது இவரிடம் இல்லை. சட்டைக் கை மறைத்துவிடுவதால், அந்தச் சான்றை இந்தப் படங்கள் எதிலும் தேடிப் பயனில்லை.

மும்மைப் படத்துக்கும் குறை உண்டு. முழுவதும் ஒரே பழுப்பு நிறம் என்பதால் 1000 துண்டுகள் சலிப்பூட்டும், 500 போதுமானது. மரமா அட்டையா என்ற கேள்விக்கு விலைதான் பெரும்பாலும் விடை சொல்லும், ஆனாலும் வெட்டும் முறையை விசாரிக்காமல் வாங்கக் கூடாது. எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும் மலிவான அட்டைப் புதிரில், தவறான துண்டும் சரியானதைப் போலவே பொருந்தி உட்கார்ந்துவிடும். நிறமும் துணைக்கு வராத இந்தப் படத்தில் அந்தப் பிழை கடைசி வரிசை வரை வெளியே தெரியாது. துண்டுக்குத் துண்டு வடிவம் மாறும்படி வெட்டியிருந்தால் அட்டையே தாராளமாகப் போதும். அப்படிக் கிடைக்காத பட்சத்தில், கேலிச்சித்திரத்தை வாங்குவதே புத்திசாலித்தனம்.