பண்டாரவளை இங்கிலிஷ் வகுப்பு: 'ஃபொகெட்' பாடத்துக்காகவே ஒரு தடவை போகலாம்

பண்டாரவளை டவுனில் ஞாயிறு காலையில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு எப்படி என்று வேலைத்தலத்தில் பலர் கேட்கிறார்கள். குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயரைப் போடவில்லை. ஹோட்டல், கடை, த்ரீவீல் என்று வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பிழைக்கிறவர்களுக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. மற்றவர்கள் யோசித்துச் சேருங்கள்.

நான் எல்லவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க விடியவே ஓடுகிற அவசரத்தில் கெஸ்ட்டுகள் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுப் போவார்கள். ரயில் நானுஓயா தாண்டியபிறகு வட்ஸ்அப் வரும். அதனால் 'ஃபொகெட்' (forget, மறப்பது) எங்களுக்கு அன்றாடச் சாப்பாடு மாதிரி. அந்த ஒரு வினைச்சொல்லுக்கே வகுப்பு எடுக்கிற சேர் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒதுக்கினார்.

"குடையை பஸ்ஸில மறந்துட்டு வந்துட்டேன்" என்று நாம் சொல்கிறோம். அதை அப்படியே இங்கிலிஷில் போட்டால் இடறும். எந்த இடம் என்று சொன்னால் 'லீவ்' வரவேண்டும்: 'ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஒன் த பஸ்'. இடத்தைச் சொல்லாவிட்டால் 'ஐ ஃபொகொட் மை அம்ப்ரெல்லா' போதும். சார்ஜர் விஷயத்திலும் அதே கணக்குத்தான்: 'யூ லெஃப்ட் யுவர் சார்ஜர் இன் த ரூம்'. இப்படி எழுதுவதில் இன்னொரு லாபம், மறதிக்காரர் என்று கெஸ்ட்டைக் குத்திக்காட்டியதாகவும் இருக்காது. இந்த இரண்டாவது விஷயம் சேர் சொன்னதில்லை, என் சொந்தக் கருத்து.

அடுத்து 'டு' போடுவதா, 'இங்' போடுவதா என்ற சங்கதி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவதால் உதாரணமும் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்துதான். கொழுந்து நிறுத்தாச்சு, கணக்கப்பிள்ளை பேர் போட மறந்துவிட்டார். 'ஹி ஃபொகொட் டு மார்க் மை நேம்'. அன்றைய சம்பளம் போச்சு. 'ஹி ஃபொகொட் மார்க்கிங் மை நேம்' என்றால் பேர் போட்டாச்சு, போட்டதுதான் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. சம்பளம் பத்திரம். பின் பெஞ்சில் இருந்த அக்கா ஒருவர், "எங்க கணக்கப்பிள்ளைக்கு ரெண்டு இங்கிலிஷும் பொருந்தும் சேர்" என்றார். வகுப்பே சிரித்தது. சாதாரணப் பேச்சில் இந்த 'இங்' பெரும்பாலும் 'ஐ வில் நெவர் ஃபொகெட் சீயிங்...' என்ற மாதிரி 'நெவர்' கூடத்தான் வரும் என்பதையும் சேர் சொல்லித்தந்தார்.

பெயர் ஞாபகம் வராதபோது 'ஐ அம் ஃபொகெட்டிங் யுவர் நேம்' என்று இழுக்காமல் 'ஐ ஃபொகெட் யுவர் நேம்' என்றாலே சரி. 'ஃபொகெட் இட்' மட்டும் கவனம். சொல்கிற தொனியைப் பொறுத்து "பரவாயில்லை, விடுங்க" என்றும் வரும், "சரிதான் போ" என்றும் வரும். கவுன்டரில் நின்றுகொண்டு அந்த ஆபத்து எதற்கு? 'டோன்ட் வொரி அபௌட் இட்' இருக்கிறதே.

இனி குறை. கையில் தருகிற போட்டோகொப்பி நோட்ஸ் மங்கல், மூன்றாவது வடிவத்துக்கும் 'ஃபொகொட்' என்றே அச்சடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிலர் பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் நம் பிள்ளைகள் பரீட்சையில் 'ஹேவ் ஃபொகொட்டன்' என்றுதான் எழுதவேண்டும். சேர் வாயால் சரியாகத்தான் சொல்கிறார், நோட்ஸைத் திருத்த மட்டும் யாருக்கும் நேரமில்லை. வாசலில் '30 நாளில் சரளம்' என்று தொங்குகிற போர்டை நம்பி யாரும் சேரவேண்டாம். மாதக் காசை முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். வேலை காரணமாக ஒரு ஞாயிறு தவறினால் அந்தக் காசு போனதுதான், சீசன் நேரத்தில் எங்களை மாதிரி ஆட்களுக்கு இது பெரிய இடி.

ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இங்கே அனுப்பாதீர்கள், பாடத்திட்டத்தைத் தொடுவதே இல்லை. சேருகிறவர்கள் நேரத்தோடு போய் முன் பெஞ்சைப் பிடியுங்கள். கூரை தகரம், மழை பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.