வீட்டு டே கேருக்கு எந்த இடம்: தரைத்தள போர்ஷனா, இரண்டாம் மாடி ஃப்ளாட்டா?

நங்கநல்லூரில் ஒரு தரைத்தள போர்ஷன், மடிப்பாக்கத்தில் ஓர் இரண்டாம் மாடி ஃப்ளாட். வீட்டிலேயே டே கேர் நடத்த இடம் தேடியபோது கடைசியில் இந்த இரண்டும்தான் மிஞ்சின. நான் தரைத்தளத்தை எடுத்தேன். இப்போது அதே தேடலில் இருக்கும் சில பெண்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பெரும்பாலோருக்கு மாடிமேல்தான் ஆசை. அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன். நடக்கத் தெரியாத குழந்தைகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், தரைத்தளத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடியின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். காற்று வரும், கொசு குறைவு, குழந்தை தெருவுக்கு ஓடிவிடுமோ என்ற பயம் இல்லை. எனக்குக் கிடைத்த ஃப்ளாட்டில் வாடகையும் அட்வான்ஸும்கூடக் குறைவு. தரைத்தளத்தில் தூசி, சத்தம், மழைக்காலத்தில் சுவர் ஓதம். இவற்றில் மாடிக்கே முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

சென்னையில் மாடியைத் தேடுவதற்கு உண்மையான காரணம் வெள்ளம். 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தள வீடுகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். வீடு குடியிருக்க என்றால் இந்தப் பயம் நியாயமானது. டே கேருக்குக் கணக்கு வேறு. புயலும் கனமழையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகின்றன. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார், நாமும் அன்றைக்குக் கதவை மூடிவிடலாம். பாயும் பொம்மையும் நனையும், ஃப்ரிட்ஜ் போகும், ஆனால் உள்ளே குழந்தை ஒன்றுகூட இருக்காது. தீ அப்படி நாள் குறித்து வருவதில்லை. எட்டுக் குழந்தைகளும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் மதியம் இரண்டு மணிக்கும் வரலாம். அதனால் வெள்ளத்துக்குப் பயந்து மாடி ஏறுகிறவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி, படிக்கட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

சென்னையின் பழைய மூன்று மாடி ஃப்ளாட்டுகள் பலவற்றில் படிக்கட்டு ஒன்றே ஒன்றுதான். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். அந்தப் படிக்கட்டின் அடியிலோ அதை ஒட்டிய சுவரிலோதான் எல்லா வீட்டு ஈபி மீட்டர் போர்டும் இருக்கும். அதன் பக்கத்திலேயே பைக்குகளை நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் அங்கேயே எக்ஸ்டென்ஷன் ஒயரில் சார்ஜ் ஏறுகின்றன. போதாததற்குப் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, உடைந்த சைக்கிள். ஆக, கட்டடத்தில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடமும் வெளியேற உள்ள ஒரே வழியும் அடுத்தடுத்து இருக்கின்றன. மீட்டர் போர்டு எரிந்தால் ஒயரின் பிவிசி உறை கரும்புகையாகக் கக்கும். அந்தப் புகைக்குப் படிக்கட்டுதான் புகைபோக்கி. தீ கீழேயே இருக்கும், புகை சில நிமிடங்களில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், படிக்கட்டில் புகை என்றால் வெளியே போகாமல் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, பால்கனிக்குப் போய்க் குரல் கொடுக்கலாம், 101 அல்லது 112ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சரியான முறைதான். ஆனால் நம் ஊர் பால்கனி பெரும்பாலும் தலை முதல் தரை வரை கிரில் போட்டது. வண்டி வந்து, ஏணி வைத்து, கிரில்லை அறுத்து, அப்புறம்தான் முதல் குழந்தை இறங்கும். அதுவரை அழும் எட்டுக் குழந்தைகளோடு புகைக்குள் நிற்க வேண்டும்.

புகை இன்னும் ஏறவில்லை, இறங்க நேரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என்னிடம் எட்டுக் குழந்தைகள். மூவர் நடக்காத கைக்குழந்தைகள், ஐவர் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள். பெரியவர்கள் நானும் உதவிக்கு வரும் அக்காவும். படியில் இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் தூக்கியிருக்கும் குழந்தையோடு உருண்டுவிடுவோம். ஆகவே ஆளுக்கு ஒரு கைக்குழந்தைதான். மூன்றாவது மேலேயே நிற்கும். இரண்டு வயதுக் குழந்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கும், பயந்தால் நடுப்படியில் உட்கார்ந்துவிடும். அந்த ஐந்து பேரையும் யார் கையைப் பிடித்து இறக்குவது? கீழே கொண்டுவந்த பிறகு அவர்களை யாரிடம் விட்டுவிட்டு மேலே ஓடுவது? வெளியே வந்தபின் திரும்ப உள்ளே போகாதே என்பது தீயணைப்புத் துறையினர் எங்கேயும் முதலில் சொல்லும் பாடம். இரண்டாம் மாடியில் அந்தப் பாடத்தை மீறாமல் எல்லாக் குழந்தைகளையும் வெளியே கொண்டுவர எனக்கு எந்த வழியும் தெரியவில்லை. பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள் என்று சொல்வார்கள். பகல் பதினொரு மணிக்கு அந்த ஃப்ளாட்டுகளில் எத்தனை பேர் வீட்டில் இருப்பார்கள்? அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போவதால்தானே நம்மிடம் குழந்தையை விடுகிறார்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் நடந்த தீ விபத்தும் இதை ஒட்டியதுதான். சத்துணவுச் சமையலில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த பிள்ளைகள் குறுகலான படியில் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதன் பிறகு கீற்றுக் கூரை பற்றி எவ்வளவோ பேசினோம். படிக்கட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

தரைத்தளத்தில் இதே எட்டுப் பேருக்கான திட்டத்தைப் பாருங்கள். கைக்குழந்தைகள் மூவரும் சக்கரம் வைத்த ஒரே பெரிய தொட்டிலில். அதை ஒருவர் தள்ளிக்கொண்டு போகலாம். மற்ற ஐவரும் முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை ஆளுக்கொரு முடிச்சாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பின்னால் வருவார்கள். ஒரே நடையில் எல்லோரும் வெளியே. திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இதற்காகச் சில வேலைகள் செய்ய வேண்டியிருந்தது. தொட்டில் வாங்கும் முன் டேப்பை எடுத்து ஒவ்வொரு நிலைக்கதவையும் அளந்தேன். அறைக்குள் ஜோராக உருளும் தொட்டில் வாசலில் சிக்கிக்கொண்டால் என்ன பிரயோஜனம்? 2015க்குப் பிறகு நிறைய வீடுகளில் தரையை உயர்த்திவிட்டார்கள், அதனால் தரைத்தளம் என்றாலும் வாசலில் மூன்று நான்கு படி இருக்கும். கொத்தனாரை வைத்து அதன் ஓரத்தில் ஒரு சரிவு போடச் சொன்னேன்.

தரைத்தளத்தின் பெரிய ஆபத்து பூட்டு. திருட்டுப் பயத்தில் கிரில் கேட்டை உள்ளிருந்தே பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டும் பழக்கம் நமக்கு. எங்கள் ஹவுஸ் ஓனரும், "பகல்லயும் பூட்டியே வைம்மா, கண்டவன் உள்ள வந்துடுவான்" என்றார். குழந்தைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்தக் கதவிலும் பூட்டு தொங்கக் கூடாது என்று அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். அதற்குப் பதில் பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டோம். குழந்தை தெருவுக்கு ஓடாது, நாமும் புகையில் சாவியைத் தேட வேண்டாம். படுக்கும் அறை ஜன்னலில் ஒரு பக்க கிரில்லை மட்டும் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்ற வெல்டருக்குக் கொடுத்த காசும் வீணில்லை என்றே நினைக்கிறேன்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் பின்கதவை மட்டும் ஒரு முறை நன்றாகக் கவனியுங்கள். பல போர்ஷன்களில் பின்வாசலுக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். தீ அங்கேதான் பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை இரண்டாவது வழி என்று எண்ணவே கூடாது. நான் எடுத்த வீட்டில் பின்கதவு கூடத்தை ஒட்டி இருந்தது. நங்கநல்லூரை முடிவு செய்ய அதுவும் ஒரு காரணம்.

கேஸ் விஷயம் இரண்டு இடத்துக்கும் பொது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும், நம் குழந்தைகள் தூங்குவதும் தரையில் விரித்த பாயில்தான். அதனால் 14.2 கிலோ சிலிண்டரை வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து டியூபை உள்ளே இழுப்பது நல்லது. தரைத்தளத்தில் இது சுலபம், ஃப்ளாட்டில் கொஞ்சம் கஷ்டம். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே கொண்டுபோய்விட்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அழைக்க வேண்டும். தீயணைப்பான் ஏபிசி பவுடர் வகை, அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும். தீ சின்னதாக இருந்து, ஒருவர் குழந்தைகளை வெளியே நகர்த்தத் தொடங்கிய பிறகுதான் இன்னொருவர் அதைக் கையில் எடுக்கலாம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது ஒத்திகை. தரைத்தளத்தில் அது ஒரு விளையாட்டாகவே நடக்கிறது. மணி அடித்தால் கயிற்றைப் பிடி, எதிர் வீட்டு வேப்பமரத்தடிக்குப் போ, அங்கே வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடு. பதிவேடு வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. பயந்த குழந்தை வெளியே ஓடாது, கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளும், அதனால் பெயர் கூப்பிடாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நம்பக் கூடாது. தூங்கும் நேரத்திலும் ஒத்திகை செய்கிறோம், அழுகை அதிகம்தான், ஆனாலும் விடுவதில்லை. மாடியில் டே கேர் நடத்தும் தோழி ஒருத்தி ஒத்திகையையே நிறுத்திவிட்டாள். சின்னப் பிள்ளைகளைப் படியில் அவசரமாக இறக்குவதே ஆபத்து, கீழ்வீட்டுக்காரர்களும் சத்தம் போடுகிறார்கள். அவள்மேல் குறை இல்லை. பழக முடியாத திட்டம் அந்த நேரத்தில் கைகொடுக்காது என்பதுதான் என் கவலை.

உண்மையான தீ எதையும் நான் என் வீட்டில் எதிர்கொண்டதில்லை. மேலே சொன்னதெல்லாம் ஒத்திகையிலும் யோசித்ததிலும் தெரிந்தது. ஓஎம்ஆர் பக்கத்து உயரமான குடியிருப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம், தீயணைப்புத் துறை ஒப்புதல் தேவை. கூடுதல் படிக்கட்டும், தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரும் இருக்கும் இடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே டே கேர் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை.

ஏற்கெனவே மாடியில் நடத்துகிறவர்கள் உடனே காலி செய்ய முடியாது, அது புரிகிறது. அப்படியானால் நடக்காத குழந்தைகளை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம், கூட ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் மீட்டர் போர்டு பக்கம் வண்டி நிறுத்துவதையும் சார்ஜ் போடுவதையும் முதல் விஷயமாக எடுத்துப் பேசுங்கள். மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு, ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.