ரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா?

சிறுநீரகம் செயலிழந்தால், உடலில் சேரும் கழிவை வெளியேற்றுவதுதான் டயாலிசிஸ். அதில் இரண்டு வகை. ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் ரத்த டயாலிசிஸுக்குப் பெரும்பாலும் வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ரத்தத்தை எடுத்துத் திருப்பி ஏற்ற, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்ற இணைப்பைப் போடுவார்கள். அங்கே விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவே விடாதீர்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது அதிகமுள்ள இளநீர் வேண்டாம்.

வயிற்று டயாலிசிஸ் வீட்டிலேயே நடக்கும். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே சுமார் 2 லிட்டர் டயாலிசிஸ் திரவத்தை ஏற்றி, 4 முதல் 6 மணி நேரம் வைத்து வடிக்க வேண்டும். நாளுக்கு 3, 4 தடவை. வடிவது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். பையோடு டாக்டரிடம் போங்கள். ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால் இதுவே மேல். வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.