மொட்டை மாடி காற்றுத்தர மானி: தூசிக்குச் சரி, ஓசோனுக்கு வேண்டாம்

காற்று மாசை அளக்க மொட்டை மாடியில் வைக்கும் சின்னக் கருவி இது. லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்துத் தூசியை அளக்கும். பி.எம். 2.5 (2.5 மைக்ரான் வரையிலான நுண்தூசி) ஏறுவதையும் இறங்குவதையும் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் மார்கழி விடியலில் மதுரை வைகைக் கரைப் பக்கம் எண் எகிறும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அந்த வீக்கத்தையும் கருவி தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். ஈரப்பதத்தையும் கூடவே குறித்து வையுங்கள். நம் நாட்டு பி.எம். 2.5 வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமோடு 24 மணி நேரச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும், ஒரு நிமிட எண்ணை அல்ல.

மேலூர்ப் பக்கக் கல்தூசிக்கு இதன் பி.எம். 10 எண் (10 மைக்ரான் வரையிலான தூசி) உதவாது. பெரிய துகள்கள் இதில் சரியாகச் சிக்குவதில்லை.

பெரிய குறை ஓசோன் உணரிதான். மின்வேதி வகை (வாயுவோடு நடக்கும் வேதிவினையில் எழும் மின்சாரத்தை அளப்பது) என்பதால் நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஓசோன் என்றே எண்ணும். மாட்டுத்தாவணி மாதிரி பஸ் நெரிசலில், புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அழித்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். காற்றில் ஓசோன் குறையும், திரையில் குறையாது! (1995-ல் நோபல் பெற்ற பால் குருட்சன், 1970-ல் மேல்வளிமண்டல ஓசோன் பற்றி எழுதியதிலும் இந்த வினை உண்டு.)

நிழலில், அடுப்படிப் புகைபோக்கியிலிருந்து தள்ளி வையுங்கள். காற்று நுழையும் துளையை மாதம் ஒருமுறை மென்மையான பிரஷால் துடைத்தால் போதும்.