ஆற்றங்கரைப் பூங்காவும் பூட்டிய கதவும்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஆடி மாதத்தில் ஊருக்குப் போனேன். ஆடிப்பெருக்கன்று அம்மாவைக் காவிரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று போன வருடமே சொல்லியிருந்தேன். கரூருக்கும் திருச்சிக்கும் நடுவே, ஆற்றங்கரையில் சின்ன ஊர் எங்களுடையது. படித்துறையை ஒட்டிப் புதிதாகப் பூங்கா போட்டிருக்கிறார்கள்.

பூங்கா நன்றாகவே இருக்கிறது. நடைபாதை, ஊஞ்சல், வேப்பமர நிழலில் பெஞ்சுகள். கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா விடியற்காலையிலேயே கழுவிவிட்டு, வாளியில் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்தார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் ஆற்றுப் பக்கம் கம்பி வேலி. வேலியில் ஒரு கதவு, கதவில் பூட்டு. "தண்ணி வரத்து ஜாஸ்திக்கா, தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் காவலர். அம்மா கையில் தாம்பாளம். அதில் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, பூ. வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூட்டு யாரையும் காப்பாற்றவில்லை. நூறடி தள்ளிக் கருவேலம் புதருக்குள் ஒற்றையடிப் பாதை போகிறது. பெண்களும் பிள்ளைகளும் அது வழியாகத்தான் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே படியும் இல்லை, ஆழம் சொல்லும் பலகையும் இல்லை. மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சிங்கப்பூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா இருக்கிறது. முன்பு காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்காலாக நேரே ஓடியது. அதை உடைத்து, புல்லும் பாறையுமாக வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். பிள்ளைகள் கல் மேல் கால் வைத்து ஆற்றைத் தாண்டுவார்கள். நல்ல மழை பிடித்தால் தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். அதற்குத்தான் நீர்மட்டம் பார்க்கும் கருவி, எச்சரிக்கை விளக்கு, சைரன், கரையோரம் மிதவை வளையங்கள் எல்லாம். சத்தம் கேட்டதும் மேலே ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் காவிரியில் மேட்டூரிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர நேரமும் பிடிக்கிறது. வெள்ளம் வருகிற நாளில் பூட்டட்டும், தண்டோரா போடட்டும். மற்ற நாளில் கதவு திறந்திருக்கலாமே.

அப்புறம் அந்தப் படித்துறை. இரண்டு வருடம் முன்பு, கோடையில் ஆறு வற்றிக் கிடந்தபோது இறங்கிப் பார்த்திருக்கிறேன். மணல் போய்ப்போய் ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. கடைசிப் படி அந்தரத்தில் நிற்கிறது. அங்கிருந்து மணலுக்கு என் இடுப்பளவு உயரம். முட்டி வலியுள்ள அம்மா எப்படி இறங்குவார்? அதற்குக் கீழே இன்னும் நாலைந்து படி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் குழாய், சக்கர நாற்காலி போக ஒரு சாய்தளம், பெண்கள் ஈரத்துணி மாற்ற மேலே மறைவாக ஓர் அறை. பூங்காவுக்கு இவை வேண்டும். செயற்கை நீரூற்றுக்கு அவசரமில்லை.

அன்று அம்மா தாம்பாளத்தை என்னிடம் கொடுத்தார். "நீ போயி விட்டுட்டு வா, எனக்கும் சேத்து கும்புட்டுக்க" என்றார். புதர்ப் பாதையில் இறங்கி, கரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பூவையும் காதோலையையும் தண்ணீரில் விட்டேன். ஒரு சொம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காலில் ஊற்றினேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். படியின் உயரத்தையும் எழுதியிருக்கிறேன். ரசீது அம்மாவிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது நேரில் போய்க் கேட்பேன்.