பெருந்தமனிக் குறுக்கம்: குழந்தைக்கு எம்.ஆர். ஆஞ்சியோவா, சி.டி. ஆஞ்சியோவா?

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும், சீர்செய்த இடம் மறுபடி குறுகவோ புடைத்து வீங்கவோ கூடும் என்பதால், அதை வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. முதலில் செய்வது, ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்க்கும் எக்கோதான். ஆனால் குழந்தை வளர வளர, பெருந்தமனி வளைவைத் தாண்டி இறங்கும் பகுதி எக்கோவில் சரியாகப் பிடிபடுவதில்லை. அந்தக் கட்டத்தில்தான், ரத்தக் குழாய்களைப் படம்பிடிக்க (ஆஞ்சியோ) எக்ஸ்ரே கதிர்களால் எடுக்கும் சி.டி.யா, காந்தப்புலத்தால் எடுக்கும் எம்.ஆரா என்ற கேள்வி எழுகிறது.

சி.டி.யின் பலம் வேகம். நவீனக் கருவிகளில் மார்பு முழுவதையும் சில நொடிகளுக்குள் படம்பிடித்துவிடலாம் என்பதால், பெரும்பாலும் மயக்க மருந்துக்கு வேலையில்லை. குறுகிய இடத்தை விரித்துவைக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த குழந்தைக்கும் இதுவே பொருத்தம்; எம்.ஆரில் அந்த உலோகம் தன்னைச் சுற்றியுள்ள சிக்னலை அழித்துவிடுவதால் உட்புறம் தெரிவதில்லை. கதிர்வீச்சின் அளவு இப்போது வெகுவாகக் குறைந்திருப்பது உண்மைதான். ஆயினும், நாம் பேசுவது ஒரே ஒரு ஸ்கேனைப் பற்றியல்ல, பல ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய ஸ்கேன்களைப் பற்றி.

எம்.ஆரில் கதிர்வீச்சே கிடையாது. அதைவிட முக்கியமாக, ரத்தம் எவ்வளவு, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் அது அளந்து சொல்லும். குறுக்கத்தைச் சுற்றிக்கொண்டு பக்கக் குழாய்கள் வழியே எவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரிந்தால், குறுக்கத்தின் கடுமையை மதிப்பிடுவது எளிதாகிறது. வழக்கமான சி.டி. படம் வடிவத்தைக் காட்டுமே தவிர ஓட்டத்தை அளப்பதில்லை. இதற்கு விலையாக, குழந்தை நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில மாதக் குழந்தையைப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம்; ஒன்றிரண்டு வயதைத் தாண்டிய குழந்தையிடம் அது பலிக்காது, மயக்க மருந்து தேவைப்படும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்டநேர மயக்கமோ அடிக்கடி தரும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரத்தக் குழாய்கள் படத்தில் எடுப்பாகத் தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தின் அளவே குழந்தைகளிடம் ஒரு சிக்கல். கடோலினியம் என்ற உலோகம் அடங்கிய எம்.ஆர். மருந்தான கடோபியூட்ரால் கிலோவுக்கு 0.1 மில்லி லிட்டர் என்ற கணக்கில், 5 கிலோ குழந்தைக்கு அரை மில்லி லிட்டர்தான் வருகிறது. ஊசியோடு இணைந்த குழாயிலேயே அது தங்கிவிடாதபடி, பின்னாலேயே சலைனைச் செலுத்த வேண்டும். பச்சிளங் குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 120 முதல் 160 முறை துடிப்பதால், மருந்து தமனியில் மட்டும் நிறைந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. கொஞ்சம் தாமதித்தால் சிரைகளும் சேர்ந்து ஒளிர்ந்து படம் குழம்பிவிடும். எனவே ஒரே தருணத்தை நம்பாமல், மருந்து பாயப் பாய அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்கும் முறையையே குழந்தைகளுக்கு நான் விரும்புவேன். கூர்மையில் சற்று இழந்தாலும் தமனிக் கட்டம் தவறாது.

கடோலினிய மருந்துகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. உலோகத்தை வளையத்துக்குள் இறுகப் பூட்டிவைக்கும் வகை, நேர்க்கோட்டு வகையைவிட உறுதியானது. நேர்க்கோட்டு வகையில் பலவற்றின் அனுமதியை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்திவைத்தது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதான குழந்தைகளுக்கு, இரும்புச் சத்து மருந்தான ஃபெருமாக்சிடாலைச் சில மையங்கள் பயன்படுத்துகின்றன. பல மணி நேரம் ரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கியிருப்பதால் அதில் அவசரமில்லை. ஆனால் கடும் ஒவ்வாமை குறித்த எச்சரிக்கை உள்ளதால், மெதுவாக ஏற்றி உடனிருந்து கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாத எம்.ஆர். முறைகளும் உண்டு என்றாலும், குறுக்கத்தைத் தாண்டி ரத்தம் சுழன்று பாயும் இடத்தில் சிக்னல் விழுந்து, உள்ளதைவிடக் கூடுதலாகக் குறுகியதுபோல் காட்டக்கூடும்.

ஆகவே நிலை மோசமாகி உடனடி முடிவு தேவைப்படும் குழந்தைக்கும், ஸ்டென்ட் உள்ள குழந்தைக்கும் சி.டி.யே என் தேர்வு. மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கக்கூடிய பள்ளி வயதுக் குழந்தைக்கு எம்.ஆர்.; முந்தைய படங்கள் கையிலிருந்து, ஓட்ட அளவும் மாறாமலிருந்தால், ஒவ்வொரு முறையும் கடோலினியம் செலுத்த வேண்டியதில்லை.